38 கிலோ பழைய போர்டு: தங்கம் எடுக்கலாமா, எடைக்குப் போடலாமா?

(இணைய மன்றத்தில் நடந்த உரையாடல். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

பழைய மானிட்டர்

ஈரோட்டில் பதினேழு ஆண்டுகளாக நடத்திவந்த கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையை இந்த மாதத்தோடு மூடுகிறேன். பரணில் கிடந்ததையெல்லாம் இறக்கி எடை போட்டேன். மதர்போர்டு 38 கிலோ, ரேம் 2 கிலோ, ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பழைய பிராசஸர்கள். கூடவே பவர் சப்ளை, சிடி டிரைவ், கணக்கில் வராத ஒயர். தெருவில் வழக்கமாக வரும் பழைய இரும்புக்காரர் எல்லாவற்றையும் ஒரே தராசில் ஏற்றி, இரும்பு விலைக்குமேல் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்றார்.

அதே வாரம் மைத்துனர் ஒரு காணொளி அனுப்பினார். பிளாஸ்டிக் வாளி, இரண்டு கேன் ஆசிட், கடைசியில் உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மணி. என்னிடம் இருப்பதில் எவ்வளவு தேறும்? வீட்டிலேயே எடுக்க முடியுமா? மொட்டை மாடி காலியாகத்தான் இருக்கிறது.

தங்கவேட்டை

தாராளமாக முடியும். நான் இரண்டு வருடமாகச் செய்கிறேன். ரேமின் அடியில் இருக்கும் மஞ்சள் பட்டையை மட்டும் கத்தரித்துக்கொள்ளுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்சம் பெராக்சைடு சேர்த்து ஊறவைத்தால் அடியில் உள்ள செம்பும் நிக்கலும் கரைந்துவிடும், தங்கம் கரையாது. ஒரு வாரத்தில் தங்கத்தகடு சருகுபோல் தனியாகக் கழன்று மிதக்கும். வடிகட்டி எடுத்து உருக்க வேண்டியதுதான். இப்போது பாருங்கள், பயமுறுத்துகிறவர்கள் வரிசையாக வருவார்கள். அவர்களில் ஒருவர்கூட வாளியைத் தொட்டிருக்க மாட்டார்.

உரைகல்

தம்பி, நான் வாளியையும் தொட்டிருக்கிறேன், தங்கம் உருக்கும் மூசையையும் தொட்டிருக்கிறேன். கோவையில் நகைப் பட்டறை, நாற்பது வருடம். எங்கள் பட்டறையில் கூட்டிப் பெருக்கிய மண்ணைக்கூட விலைபேசி வாங்கிப்போய் அலசுகிறவர்கள் உண்டு. உட்கார்ந்து வேலை செய்த பாயைக் கிழிந்த பிறகும் எறிய மாட்டோம், எரித்துச் சாம்பலை அலசுவோம். ஆகவே தூசியில் தங்கம் இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிற ஆள் நான் இல்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

ரேமின் அடிப்பட்டையில் நல்ல தரமான முலாம் என்றால் தடிமன் 0.76 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் தொண்ணூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் இந்தத் தடிமனுக்கு 1.47 மில்லிகிராம் வரும். பழைய 168 கால் ரேமை எடுத்து ஸ்கேலால் அளந்தேன். ஒரு பட்டை 1 மி.மீ. அகலம், 3 மி.மீ. நீளம். இரண்டு பக்கமும் சேர்த்து 5 சதுர சென்டிமீட்டர். ஆக ஒரு ரேமுக்கு ஏழு மில்லிகிராம் சொச்சம். அதுவும் முலாம் முழுத் தடிமனில் இருந்தால். மலிவுச் சரக்கில் பாதிகூட இருக்காது.

இரண்டு கிலோவுக்குச் சுமார் நூறு ரேம் வரும். எல்லாம் நன்றாக நடந்தால் முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு சவரனுக்கு ஆயிரத்து நூறு ரேம் வேண்டும்.

போர்டின் உடம்பெங்கும் தெரியும் மஞ்சள் புள்ளிகளைப் பார்த்து மயங்காதீர்கள். அங்கே இருப்பது 0.05 முதல் 0.1 மைக்ரான். கை பட்டாலே தேய்ந்துவிடும் போலத் தோன்றும். பிஸ்கட் டப்பாவில் பீங்கான் உடம்போடு, முதுகில் தங்கத்தகடு பதித்த பிராசஸர் இருந்தால் அது வேறு கதை. 1990களின் பென்டியம் புரோ ஒன்றில் மட்டும் கால் கிராமுக்குக் குறையாமல் இருக்கும். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பழைய மானிட்டர்

பென்டியம் புரோ இல்லை ஐயா. 486 என்ற பழைய பிராசஸர் நான்கு இருக்கிறது, மற்றதெல்லாம் பிந்தைய பச்சைத் தட்டு பிராசஸர்கள்.

நூறு ரேமுக்கு முக்கால் கிராம் என்பது கொஞ்சம் கலங்க வைத்துவிட்டது. காணொளியில் ஒரு தட்டு நிறைய ரேமிலிருந்து கோலிக்குண்டு அளவுக்கு எடுத்தார்களே?

உரைகல்

கோலிக்குண்டு அளவு என்றால் முப்பது கிராமாவது இருக்கும். அதற்கு நான்காயிரம் ரேம் வேண்டும். எத்தனை ரேம் என்று அந்தக் காணொளியில் எண்ணிக் காட்டினார்களா?

உலைக்களம்

உலோகவியல் படித்துவிட்டுச் செம்பு உருக்காலையில் வேலை செய்கிறேன். 38 கிலோவைப் பற்றி நான் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் போர்டு ஒரு டன்னில் தங்கம் 250 கிராம், வெள்ளி 1 கிலோ, பல்லேடியம் என்ற விலைமிக்க உலோகம் 110 கிராம், செம்பு 200 கிலோ என்பது இந்தத் துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் கணக்கு. சுரங்கத்தில் டன்னுக்கு ஐந்து கிராம் கிடைத்தாலே நல்ல தாது என்று தோண்டுவார்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் பரண் கோலாரைவிடப் பணக்காரப் பரண். 38 கிலோவில் ஏட்டுக் கணக்குப்படி ஒன்பதரை கிராம் வரை தங்கம் இருக்கலாம்.

ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். கண்ணுக்குத் தெரியும் பட்டைகளிலும் கால்களிலும் ஒரு பங்கு. மீதி, கறுப்புச் சிப்புகளுக்குள் முடியைவிட மெல்லிய இணைப்புக் கம்பிகளாக எபாக்சி என்ற கெட்டிப் பிசினுக்குள் புதைந்து கிடக்கிறது. பல்லேடியம், அரிசிக் குருணை அளவுள்ள கெப்பாசிட்டர்களுக்குள். வாளியில் ஊறவைத்தால் இவை எதுவும் வெளியே வராது. எரித்தால் வரும், ஆனால் போர்டில் தீத்தடுப்புக்காகப் புரோமின் சேர்மம் கலந்திருக்கிறார்கள். திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் வகை நஞ்சு கிளம்பும்.

2000களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தார் பெங்களூரில் சிறு பட்டறைகள் ஆசிட்டில் தங்கம் எடுப்பதை உடனிருந்து அளந்தார்கள். போர்டில் இருந்ததில் ஏறக்குறையக் கால்வாசிதான் கைக்கு வந்தது. பெல்ஜியத்தில் ஹோபோகன் ஊரில் உள்ள உமிகோர் போன்ற ஆலையில் 95 விழுக்காட்டுக்கு மேல். மீதி முக்கால்வாசி எங்கே போயிற்று என்றால், சாக்கடைக்கும் சாம்பலுக்கும்.

காயலான்கடை

அண்ணா, உங்கள் ஊர் இரும்புக்காரர் உங்களை நன்றாகத் தாளித்திருக்கிறார். எல்லாவற்றையும் ஒரே தராசில் ஏற்ற விட்டீர்களே!

நான் சென்னையில் இந்தத் தொழில்தான். நாங்கள் வாங்கும்போது குப்பைபோல் வாங்குவோம், விற்கும்போது நகைபோல் பிரித்து விற்போம். லாபம் முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. பவர் சப்ளையில் இருக்கும் பழுப்பு நிற போர்டுக்கு அடிமட்ட விலை, அதில் செம்புச்சுருளைத் தவிர ஒன்றுமில்லை. மதர்போர்டுக்கு அதைவிடப் பல மடங்கு. ரேமுக்கு அதற்கும் மேல். பீங்கான் பிராசஸரை நாங்கள் எண்ணிக்கையில் வாங்குவோம், எடையில் இல்லை. மதர்போர்டு மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் அலுமினிய முதுகுச்சட்டத்தையும் இரும்புத் தகட்டையும் பேட்டரியையும் கழற்றிவிட்டால் போர்டின் விலை ஏறும், அலுமினியத்துக்குத் தனியாகவும் காசு வரும்.

ஒரு ஸ்க்ரூடிரைவர், நாலைந்து சாக்கு, இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இதுதான் நீங்கள் செய்யவேண்டிய தங்க வேலை. மொட்டை மாடியில் வடகம் காயப்போடுங்கள்.

தங்கவேட்டை

நல்ல நாடகம். வெள்ளைக்காரன் உலையில் போட்டால் அதற்குப் பெயர் மறுசுழற்சி. டெல்லி சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்திலும் ஏழை செய்தால் சுற்றுச்சூழல் குற்றம். அவனிடமிருந்து சரக்கை வாங்கிக் கப்பல் ஏற்றி, உலகச் சந்தை விலையில் தங்கத்தை எடுப்பவன் நல்லவன். டன்னுக்கு 250 கிராம் என்று சொல்கிறீர்கள், அதில் பொறுக்குகிறவனுக்கு எவ்வளவு போகிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

உலைக்களம்

பாதி சரி. ஹோபோகனைக் கோயில் என்று நான் சொல்லவில்லை. 2020இல் அந்த ஆலையைச் சுற்றி வசித்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கூடியிருப்பது தெரிந்து, பக்கத்து வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்வதாக நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு வடிகட்டிகள் இருந்தும் அந்தக் கதி. மின்கழிவைப் பிரித்தே பிழைத்த சீனத்தின் குய்யூ ஊரில் அந்நாளில் எந்த வடிகட்டியும் இருக்கவில்லை. அங்கே குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் சராசரி டெசிலிட்டருக்கு 15.3 மைக்ரோகிராம் என்று 2007இல் ஆய்வு வந்தது. அந்தக் காலத்தில் பத்துக்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டிய அளவு.

உங்கள் கோபத்தில் நியாயமான பாதி எது என்றும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் நவீன இயந்திரங்களில் மின்கழிவை முதலிலேயே அரைத்துப் பிரிக்கும் ஓர் ஆலையை ஆராய்ந்து 2009இல் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கேயும் தங்கத்தில் கால்வாசிதான் திரும்ப எடுக்கக்கூடிய பகுதிக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி இரும்புத்தூளோடும் பிளாஸ்டிக்கோடும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. பெங்களூர் வாளிக்கும் கால்வாசி, ஜெர்மன் இயந்திரத்துக்கும் கால்வாசி! கையால் பிரித்து, போர்டை உடைக்காமல் முழுசாகச் செம்பு உலைக்குக் கொடுப்பதுதான் இரண்டையும் அடிக்கும் வழி. கழற்றுவதில் நம் ஆட்களை மிஞ்ச ஆளில்லை. ஆசிட்டைத் தொடும் இடத்தில்தான் தோற்கிறோம்.

உலைக்குள் நடப்பது உரைகல் ஐயாவுக்குப் புதிதாக இருக்காது. உருகிய செம்பு, தங்கம் வெள்ளி பல்லேடியம் மூன்றையும் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்கிறது. போர்டில் உள்ள பிளாஸ்டிக்கே ஓரளவு எரிபொருளாகிவிடும். அந்தச் செம்பைத் தகடாக வார்த்து மின்பகுப்புத் தொட்டியில் தொங்கவிட்டால் செம்பு மறுதகட்டில் ஏறும், தங்கம் அடியில் கறுப்புச் சேறாக இறங்கும். அந்தச் சேறுதான் சரக்கு. குறை இல்லாமல் இல்லை. டேன்டலம், அலுமினியம், அரிய மண் உலோகங்கள் எல்லாம் கசடோடு போய்விடும்.

உரைகல்

புடம் போடுவதும் அதே சங்கதிதான். அழுக்கு வெள்ளியை ஈயத்தோடு உருக்கினால் ஈயம் அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு புடத்துச் சாம்பலுக்குள் இறங்கிவிடும், வெள்ளி மேலே கண்ணாடிபோல் நிற்கும். நீங்கள் செம்பை வைத்துப் பொன்னைப் பிடிக்கிறீர்கள், நாங்கள் ஈயத்தை விட்டு அழுக்கைப் பிடித்தோம்.

சும்மா வந்தவன்

டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்கள் முழுக்கப் பழைய செல்போனில் செய்ததுதானே? ஜப்பான்காரர்களால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

உலைக்களம்

2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை இரண்டு வருடம் நாடு முழுக்கச் சேகரித்தார்கள். 62 லட்சம் செல்போன், சிறு மின்சாதனங்கள் 78,985 டன். அதிலிருந்து தங்கம் 32 கிலோ, வெள்ளி 3,500 கிலோ, வெண்கலம் 2,200 கிலோ. ஒலிம்பிக் தங்கப்பதக்கம் உள்ளே வெள்ளி, மேலே ஆறு கிராம் அளவுக்குத் தங்கமுலாம், அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் சாதனை வேதியியலில் இல்லை. தபால் நிலையத்திலும் நகராட்சியிலும் பெட்டி வைத்து மக்களைப் போட வைத்தார்களே, அதுதான் சாதனை. நம் வீடுகளில் மேசை இழுப்பறைக்குள் தூங்கும் நோக்கியாக்களை வெளியே வரவழைத்துப் பாருங்கள்.

2022இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு.

வேதியியல் வாத்தியார்

பள்ளியில் முப்பது வருடம் ஆய்வகம் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தங்கத்தைக் கரைப்பது பெரிய வித்தையில்லை. நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலங்கள் கலந்த ராஜ திராவகம் கரைத்துவிடும். 1940இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுக்குள் நுழைந்தபோது, நீல்ஸ் போரின் ஆய்வகத்தில் பாதுகாப்பாக வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்த இரண்டு நோபல் பதக்கங்களை ஹெவெசி என்ற வேதியியலர் இந்தத் திராவகத்தில்தான் கரைத்து ஒளித்தார். மாக்ஸ் வான் லாவே, ஜேம்ஸ் பிராங்க் இருவருடைய பதக்கங்கள். வீரர்கள் ஆய்வகம் முழுக்கத் தேடினார்கள். ஆரஞ்சு நிறத் தண்ணீர் இருந்த குடுவை அலமாரியிலேயே நின்றது. போர் முடிந்து தங்கத்தைத் திரும்பப் படிய வைத்து அனுப்ப, நோபல் அறக்கட்டளை மறுபடி பதக்கமாக அடித்துக் கொடுத்தது.

கரைந்திருக்கும் தங்கத்தைக் கண்டுபிடிக்க ஸ்டானஸ் குளோரைடு என்ற வெள்ளீய உப்புக் கரைசல் ஒரு சொட்டு போதும். வடிகட்டுத் தாளில் நம் கரைசலை ஒரு சொட்டு வைத்து, அதன்மேல் இதை விட்டால், தங்கம் இருந்தால் நாவல்பழம் தின்ற நாக்குபோல் ஊதா ஏறும். மிகக் குறைவாக இருந்தால் வெளிர் ஊதா. படிய வைத்த தங்கமோ மஞ்சளாகவே இருக்காது. காப்பித்தூள் மண்டிபோல் பழுப்பாக அடியில் கிடக்கும். அழுக்கு என்று நினைத்து அதைக் கொட்டிவிட்டவர்கள் உண்டு.

தங்கவேட்டை நண்பரிடம் ஒரே கேள்வி. தங்கம் எடுத்தபிறகு வாளியில் மிஞ்சும் பச்சைத் தண்ணீரில் செம்பு, நிக்கல், வெள்ளீயம், பழைய போர்டு என்றால் ஈயமும் இருக்கும். அதை என்ன செய்கிறீர்கள்?

மூன்றாம் மாடி

ஆசிட் புகையைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் சித்தப்பா ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்தார். முதலாளி நைட்ரிக் ஆசிட்டில் பித்தளைக் கால்களைக் கொட்டச் சொன்னார். செங்கல் நிறத்தில் புகை குபுகுபுவென்று கிளம்பியிருக்கிறது. சித்தப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிண்டியிருக்கிறார். கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்தார், தோசை சாப்பிட்டார், என்னோடு கேரம் ஆடினார். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார், படுக்க முடியவில்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போன்ற சத்தம். வாயில் இளஞ்சிவப்பாக நுரை. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிழைத்துக்கொண்டார், ஆனால் இன்றும் மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுதான் ஏறுவார்.

வேதியியல் வாத்தியார்

நைட்ரஜன் டைஆக்சைடு. அதன் குணமே அதுதான், முதலில் ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். அந்தப் புகையை இழுத்தவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் மருத்துவமனையில் ஓர் இரவு கண்காணிப்பில் இருக்கவேண்டும். ஈரத்துண்டு இதைத் தடுக்காது.

காயலான்கடை

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. மறுசுழற்சி செய்கிறவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், மறுசுழற்சிச் சான்றிதழுக்குக் கணக்கில் எடுப்பது தங்கம், செம்பு, இரும்பு, அலுமினியம் என நான்கை மட்டும்தான். பல்லேடியத்தை எடுத்தாலும் சான்றிதழ் கிடையாது. பல்லேடியம் யாருக்கும் வேண்டாம்போல.

பழைய மானிட்டர்

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். காயலான்கடை அண்ணன் சொன்னபடி பிரித்தேன். என் மகளும் மைத்துனரும் உட்கார்ந்தார்கள். முதுகுச்சட்டம், இரும்புத் தகடு, ஸ்க்ரூ, பேட்டரி எல்லாம் கழன்ற பிறகு 38 கிலோ 31 ஆகிவிட்டது. மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. ஆனால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒருவர் ஈரோட்டிலேயே இருந்தார். அவர் போர்டு, ரேம், பழுப்பு போர்டு, அலுமினியம், ஒயர் என ஐந்து தராசு போட்டார். மொத்தத்தில் தெரு இரும்புக்காரர் சொன்னதைப்போல் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் மேல் வந்தது. பட்டன் பேட்டரி நாற்பத்தி மூன்றையும் தனி டப்பாவில் வாங்கிக்கொண்டார், அதற்குக் காசு கிடையாது.

486 நான்கில் மூன்றைக் கொடுத்தேன். ஒன்றை மகள் எடுத்து வைத்துக்கொண்டாள். முதன்முதலில் நான் கழற்றி மாட்டிய கம்ப்யூட்டரின் பிராசஸர் அது.

தங்கவேட்டை

வாத்தியார் சார், உங்கள் கேள்விக்கு அன்றே பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன்.

வீட்டுக்குப் பின்னால் மூன்று வாளி இருக்கிறது. மூடி போட்டு, மேலே கல் வைத்திருக்கிறேன். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை, பக்கத்தில் கிணறு. இரண்டு வருடத்தில் எடுத்த தங்கம் மொத்தம் நான்கு கிராம் இருநூறு மில்லி. ஆசிட்டுக்குச் செலவானதை நான் எழுதி வைக்கவில்லை, வேண்டுமென்றே எழுதி வைக்கவில்லை. போன மழையில் ஒரு வாளியின் கைப்பிடி துருப்பிடித்து அறுந்துவிட்டது. இதை என்ன செய்வது?

வேதியியல் வாத்தியார்

ஊற்றாமல் வைத்தீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. முதலில் ஒன்று: எப்போதாவது சயனைடு கலந்தீர்களா? கலந்திருந்தால் கைவைக்காதீர்கள், ஆசிட்டோடு சேர்ந்தால் அந்த வாயு ஆளைக் கொல்லும். அம்மோனியாவும் வேண்டாம், தங்க உப்போடு சேர்ந்து காய்ந்தால் வெடிக்கும்.

இரண்டும் இல்லையென்றால் கேளுங்கள். ஸ்டானஸ் சோதனை செய்து தங்கம் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு திறந்தவெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பழைய இரும்புத் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். குமிழி வரும், அது ஹைட்ரஜன், பக்கத்தில் நெருப்பு கூடாது. செம்பு சிவப்புச் சேறாக இரும்பின்மேல் படியும். நீலப்பச்சை போய் வெளிர்பச்சை ஆனபின் அந்தச் செம்பை எடுத்துவிடலாம். மிஞ்சிய தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்து மெதுவாக விடுங்கள், அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் ஒன்பது, பத்து காட்டும்வரை. நிக்கலும் ஈயமும் இரும்பும் சகதியாக இறங்கும். சகதியை வடிகட்டி, காயவைத்து, மூடிய டப்பாவில் போட்டுப் பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் வழியாகத்தான் அனுப்பவேண்டும். அபாயக் கழிவைப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் தனி வளாகம் இருக்கிறது. தென்னை மரத்தடியில் புதைத்துவிடாதீர்கள். வடிந்த தண்ணீரையும் கிணற்றுப் பக்கம் விடாமல் தொட்டியில் ஆவியாக விடுங்கள்.

தங்கவேட்டை

சயனைடு தொட்டதே இல்லை. நேற்று முதல் வாளியில் பழைய கதவுக் கீல்களைப் போட்டேன். இன்று காலை பார்த்தால் கீல் முழுக்கச் சிவப்புப் பாசி பிடித்ததுபோல் செம்பு. இரண்டு வருடத்தில் இந்த வாளியில் நான் பார்த்த நல்ல காட்சி இதுதான்.

சகதி வடிகட்டப் பழைய வேட்டி போதுமா சார்?

வேதியியல் வாத்தியார்

போதும். நான்காக மடித்துக் கட்டுங்கள். வடிகட்டிய வேட்டியும் சகதியோடு டப்பாவுக்குள் போகட்டும், வீட்டில் துவைக்கப் போட்டுவிடப் போகிறார்கள்.